சிறு விமானத் தரையிறக்க விபத்துகள்: விமானப் பயிற்சிக்குப் புதிதாகச் செல்வோர் படிப்படியாக அறிய வேண்டியவை

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் விமானி உரிமம் பெறும் ஆசையோடு பயிற்சிப் பள்ளியில் சேரப்போகும் இளைஞர்களையும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் கவலையோடு காத்திருக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன். 16 வயது நிறைந்தவர் மாணவர் உரிமம் பெறலாம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்துக்குள் ஒரு மாணவர் நூற்றுக்கணக்கான முறை தரையிறங்குவார். சிறு விமானங்கள் அதிகமாக விபத்துக்குள்ளாவதும் தரையிறங்கும் கட்டத்தில்தான்.

இந்த விபத்துகளில் பெரும்பாலானவை சக்கரம் ஒடிவது, புரொப்பெல்லர் வளைவது, ஓடுதளத்தைவிட்டு விலகிப் புல்லில் நிற்பது போன்றவை. உள்ளே இருந்தவர்கள் இறங்கி நடந்து வந்துவிடுவார்கள். உயிரைப் பறிப்பவை வேறு. ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும்போது இறக்கை தூக்குவிசையை இழப்பது ஒன்று. இறங்க முடியாமல் மறுபடி மேலேறும்போது அதே இழப்பு நேர்வது மற்றொன்று. இரண்டிலும் சக்கரம் தரையைத் தொட்டிருக்காது. தரையிறக்க விபத்தைத் தவிர்க்கும் முடிவு தரைக்கு மேலே, நேரமும் உயரமும் கையிலிருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும் என்பதை ஒவ்வொரு படியிலும் விளக்க முயல்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 எஸ் விமானத்தின் எண்களையே தருகிறேன். உங்கள் விமானம் வேறு என்றால், அதன் கையேட்டில் உள்ள எண்களே உங்களுக்குச் செல்லும். வேகங்கள் எல்லாம் நாட் கணக்கில் உள்ளன. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

முதல் படி: கிளம்பும் முன் காற்றைக் கணக்கிடுங்கள்

லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுதளம் 07 என்றும் 25 என்றும் இரு முனைகளில் எண்ணிடப்பட்டது. 07 முனையில் இறங்கும் விமானத்தின் மூக்கு ஏறக்குறைய 70 பாகையை, அதாவது கிழக்கு வடகிழக்கை நோக்கியிருக்கும். 25 முனையில் இறங்கினால் மேற்கு தென்மேற்கை நோக்கியிருக்கும். நீளம் சுமார் 1,500 மீட்டர்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையில் காலையில் மேற்குக் காற்று வீசும். வெயில் ஏறிய பிறகு கடற்காற்று உள்ளே நுழைந்து கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ அடிக்கத் தொடங்கும். இது கடற்கரைச் சாலையில் மாலையில் உட்காரும் எவருக்கும் தெரிந்த சங்கதி. மாணவருக்கு இதன் பொருள் என்னவென்றால், காலையில் மேற்கே பார்த்துக் கிளம்பிய ஓடுதளத்தில் மதியம் கிழக்கே பார்த்து இறங்க வேண்டியிருக்கும். காற்று மாறியதைக் கவனிக்காமல் காலையில் இருந்த முனையிலேயே இறங்க வருபவர் முதுகுக்காற்றோடு வருகிறார். அப்போது தரையைப் பொறுத்த வேகம் கூடும், நிற்க வேண்டிய தூரமும் கூடும்.

பக்கக்காற்றைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. ஓடுதளத்தின் திசைக்கும் காற்று வரும் திசைக்கும் இடையே 30 பாகை இருந்தால் காற்றின் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும். 45 பாகை என்றால் பத்தில் ஏழு பங்கு. 60 பாகை என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு. 130 பாகையிலிருந்து 12 நாட் வேகத்தில் கடற்காற்று வீசுகிறது என்று வையுங்கள். 07 முனையில் இறங்கும்போது வித்தியாசம் 60 பாகை. ஆகவே வலப்புறத்திலிருந்து சுமார் 10 நாட் உங்களைத் தள்ளும். செஸ்னா 172 எஸ் விமானத்தைச் சோதித்தபோது காட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட். அது தேர்ந்த விமானி செய்து காட்டிய அளவு. தனியாகப் பறக்கும் மாணவருக்குப் பயிற்றுநர் இதைவிடக் குறைவாகவே வரம்பு வைப்பார்; அந்த வரம்பை ஒரு தாளில் எழுதி முழங்கால் பலகையில் செருகிக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு மனம் அந்த எண்ணைத் தனக்கு வசதியாக வளைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: கடைசித் திருப்பத்தில் இறுக்கிப் பிடிக்காதீர்கள்

ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் செல்வதை டவுன்விண்ட் என்பார்கள். அதிலிருந்து குறுக்காகத் திரும்பினால் பேஸ். பேஸிலிருந்து ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பினால் ஃபைனல். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் இடத்தில் உயரம் பொதுவாக 500 அடியை ஒட்டித்தான் இருக்கும். நான் மிக அதிகம் அஞ்சும் இடம் இதுவே; புதியவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முன்பு சொன்ன தென்கிழக்குக் காற்றையே எடுத்துக்கொள்வோம். 07 முனையில் இறங்குவதற்கு ஓடுதளத்தின் தெற்குப் பக்கமாகச் சுற்றி வந்தால், பேஸில் செல்லும்போது காற்று முதுகிலிருந்து தள்ளும். தரை வழக்கத்தைவிட வேகமாக நகரும். மாணவர் வழக்கமான இடத்தில் திருப்பத்தைத் தொடங்குவார். விமானம் ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டி வடக்கே போய்விடும். கோட்டைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அவர் இன்னும் சாய்ப்பார். தரைக்கு அருகே அதிகம் சாய்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை நினைவுக்கு வந்ததும், சாய்ப்பதற்குப் பதிலாக வலக்காலால் ரடரை, அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகட்டின் மிதியை, அழுத்தி மூக்கை இழுப்பார். மூக்கு தாழும், அதைத் தூக்கக் கைப்பிடியைப் பின்னால் இழுப்பார். இந்த மூன்றும் சேர்ந்ததும் திருப்பத்தின் உட்புற இறக்கை முதலில் தூக்குவிசையை இழந்து, விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழலத் தொடங்கும். 500 அடியில் அதிலிருந்து மீள உயரம் போதாது.

ஸ்டால் எனப்படும் இந்தத் தூக்குவிசை இழப்பு ஒரே வேகத்தில்தான் நிகழும் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். செஸ்னா 172 எஸ் முழு எடையில், ஃபிளாப் (மெதுவாக இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கப்படும் மடல்) இறக்காமல், நேராகப் பறக்கும்போது 48 நாட்டில் ஸ்டாலாகும். உயரம் குறையாமல் 45 பாகை சாய்த்துத் திரும்பினால் அதே விமானம் 57 நாட்டில் ஸ்டாலாகும். 60 பாகை சாய்த்தால் 68 நாட்டில். நீங்கள் ஃபைனலுக்கு வரும் வேகம் 65 நாட் என்றால் கணக்கு எங்கே முடிகிறது என்பதை நீங்களே பார்க்கலாம்.

எனவே சர்க்யூட்டில், அதாவது ஓடுதளத்தைச் சுற்றிவரும் இந்தப் பாதையில், 30 பாகைக்கு மேல் சாய்ப்பதில்லை என்று உறுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வில் கோட்டைப் பிடிக்க முடியவில்லை என்றால் பிடிக்க வேண்டாம். இறக்கைகளைச் சமப்படுத்தி, முழு விசை கொடுத்து, மேலேறி மறுபடி சுற்றி வாருங்கள். அடுத்த முறை பேஸுக்கும் ஃபைனலுக்கும் சற்று முன்கூட்டியே திரும்பினால் போதும்.

மூன்றாம் படி: 500 அடியில் ஒரு தீர்ப்பு

ஃபைனலில் 500 அடி உயரத்தை எட்டும்போது நான்கு கேள்விகளை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வேகம் சரியா? இறங்கும் வீதம் சரியா? ஓடுதளத்தின் நடுக்கோட்டில் இருக்கிறேனா? ஃபிளாப்பும் சரிபார்ப்புப் பட்டியலும் முடிந்தனவா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் இறங்க வேண்டாம்.

3 பாகைச் சரிவில் இறங்க வேண்டிய வீதத்தை அறிய, தரையைப் பொறுத்த வேகத்தை 5 ஆல் பெருக்குங்கள். 65 நாட் என்றால் நிமிடத்துக்கு 325 அடி. 10 நாட் எதிர்க்காற்று இருந்தால் 275 அடி போதும். ஓடுதளத்தின் ஓரத்தில், இறங்கும் சரிவு சரியா என்று நிறத்தால் காட்டும் பாப்பி விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். நான்கும் சிவப்பானால் மிகவும் தாழ்ந்துவிட்டீர்கள்.

வேகம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் மாணவர்களிடம் மிகுதி. ஃபைனலில் 65 நாட்டுக்குப் பதில் 75 நாட்டில் வந்து அதே வேகத்தில் தரையைத் தொட்டால், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து, நிற்பதற்கான தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். நடைமுறையில் அந்த வேகத்தில் விமானம் தரையைத் தொடவே விரும்பாது. தரையிலிருந்து இறக்கையின் நீளத்துக்குள்ளான உயரத்தில், அதாவது இவ்விமானத்துக்கு ஏறக்குறைய 11 மீட்டருக்குள், தரையின் அண்மையால் இறக்கையின் இழுவை குறைகிறது. விமானம் மிதந்துகொண்டே போகும். கீழே ஓடுதளம் கழிந்துகொண்டிருக்கும். செஸ்னா 172 எஸ் கையேட்டின்படி, கடல்மட்டத்தில் குறுகிய ஓடுதள முறையில் இறங்கினால் உருண்டோடும் தூரம் 575 அடிதான். அப்படியிருக்க 1,500 மீட்டர் ஓடுதளத்திலும் விமானங்கள் எல்லையைத் தாண்டுவது, நீளம் இன்னும் இருக்கிறது என்று மிதக்கவிட்டுக் காத்திருப்பதால்தான். ஓடுதளத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடவில்லை என்றால் மேலேறிவிடுங்கள்.

கண் ஏமாறும் இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். 45 மீட்டர் அகல ஓடுதளத்தில் பழகியவர் 30 மீட்டர் அகல ஓடுதளத்துக்கு வரும்போது, அது குறுகித் தெரிவதால் தான் உயரத்தில் இருப்பதாக எண்ணித் தாழ்ந்து வருவார். கடல் பக்கமிருந்து இரவில் வந்தால் கீழே விளக்கே இல்லாத இருட்டு இருக்கும். அங்கும் கண் இதே பிழையைச் செய்யும். கண்ணைவிட உயரமானியையும் பாப்பியையும் நம்புங்கள்.

நான்காம் படி: துள்ளினால் தள்ளாதீர்கள்

ஓடுதளத்துக்குச் சில அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்தி, வேகம் கரைந்து பின்சக்கரங்கள் முதலில் தொடும்படி செய்வது ஃபிளேர். பார்வை ஓடுதளத்தின் மறுமுனையில் இருக்க வேண்டும்; மூக்குக்குக் கீழே பார்ப்பவர் எப்போதும் தாமதமாகவோ திடீரென்றோ இழுப்பார்.

பயிற்சி விமானங்களின் முன்சக்கரம் எப்படி ஒடிகிறது என்பதைக் கிட்டத்திலிருந்து பாருங்கள். விமானம் சற்று வேகமாக வந்து, முன்சக்கரமும் பின்சக்கரங்களும் ஒன்றாகத் தட்டுகின்றன. விமானம் ஐந்தாறு அடி எழும்புகிறது. கண்ணாடியில் வானம் தெரிந்ததும் மாணவரின் கை தன்னையறியாமல் கைப்பிடியை முன்னால் தள்ளுகிறது. மூக்கு சரிகிறது, இம்முறை முன்சக்கரம் மட்டும் தனியே மோதுகிறது. அந்த மோதலே விமானத்தை முன்னைவிட உயரமாக எறிகிறது. கை மறுபடி இழுக்கிறது, மறுபடி தள்ளுகிறது. ஆனால் விமானம் பதில் சொல்வதற்குள் கை அடுத்த கட்டளையைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் துள்ளலுக்குள் முன்சக்கரத்தண்டு மடங்கி, புரொப்பெல்லர் தாரில் உரசி, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடு நசுங்குகிறது. இவ்வளவுக்கும் ஆகும் நேரம் சில நொடிகள்.

சிறிய துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, சிறிது விசை கொடுத்து, மறுபடி பின்சக்கரத்தில் இறங்க விடுங்கள். துள்ளல் பெரிதாக இருந்தால், அல்லது இரண்டாவது முறையும் துள்ளினால், யோசிக்க நேரமில்லை. முழு விசை கொடுத்து மேலேறுங்கள். முன்சக்கரம் பலமாகத் தட்டியதாகத் தோன்றினால் பயிற்றுநரிடமும் பராமரிப்புப் பொறியாளரிடமும் சொல்லாமல் அந்த விமானத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெளியே தெரியாத விரிசல் அடுத்த மாணவரின் தரையிறக்கத்தில்தான் உடையும். சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சுகிற பிள்ளைகளுக்குப் பெற்றோரும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: கோ அரவுண்ட் செய்யும் வரிசை

மேலேறிவிடுங்கள் என்று இதுவரை பலமுறை எழுதிவிட்டேன்; இறங்காமல் அப்படி மேலேறுவதைத்தான் கோ அரவுண்ட் என்பார்கள். அதையும் தவறாகச் செய்யலாம், அந்தத் தவறு ஆளைக் கொல்லும் என்பதால் அதற்குத் தனிப் படி வேண்டும்.

2016 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஹாபி விமான நிலையத்தில் இறங்க வந்த சிர்ரஸ் எஸ்ஆர் 20 என்ற சிறு விமானம், பெரிய பயணிகள் விமானங்களுக்கு இடையே புகுந்து இறங்க முயன்று, ஒருமுறைக்கு மேல் தரையிறங்காமல் மேலேற நேர்ந்தது. கடைசி முயற்சியில் மேலேறும்போது, போதிய வேகம் சேர்வதற்கு முன் ஃபிளாப் உள்ளிழுக்கப்பட்டதால் விமானம் ஸ்டாலாகிச் சுழன்று விழுந்து, உள்ளிருந்த மூவரும் இறந்தனர். விசாரணை அந்த நடைமுறைத் தவறைக் காரணமாகக் குறிப்பிட்டதோடு, அவ்விமானத்தைத் தொடர்ந்து அந்த நெரிசலான சுற்றிலேயே வைத்திருந்த கட்டுப்பாட்டாளரின் முடிவையும் துணைக் காரணமாகச் சேர்த்தது.

ஆகவே வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். முதலில் முழு விசை. அந்த நொடியிலேயே வலக்கால் ரடரில் அழுத்த வேண்டும், இல்லையேல் மூக்கு இடப்புறம் இழுத்துச் செல்லும். மூக்கை மேலேறும் நிலைக்கு மட்டும் கொண்டுவாருங்கள். தரையிறங்குவதற்காக டிரிம் செய்யப்பட்ட (கைப்பிடியை அழுத்தாமலே அந்த வேகத்தில் நிற்கும்படி சரிசெய்யப்பட்ட) விமானத்தில் முழு விசை கொடுத்ததும் மூக்கு தானாகவே அதிகமாகத் தூக்கும், அதை முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு ஃபிளாப்பை முழு அளவிலிருந்து 20 பாகைக்குக் குறையுங்கள். வேகம் கூடி, உயரமும் கூடுவதை உறுதிசெய்த பிறகு மீதியைப் படிப்படியாக உள்ளிழுங்கள். ரேடியோவில் பேசுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கட்டுப்பாட்டுக் கோபுரம் காத்திருக்கும், விமானம் காத்திருக்காது.

கோபுரத்திலிருந்து வரும் ஒரு கட்டளை உங்கள் திறனுக்கு மேற்பட்டதாக இருந்தால், முடியவில்லை என்று சொல்லும் உரிமை மாணவருக்கும் உண்டு. நீங்கள் மாணவர் விமானி என்பதையும் கூடவே சொல்லுங்கள். பெரியவர்களின் பேச்சைத் தட்டாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் வராது. தரையில் வகுப்பறையில் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

ஆறாம் படி: தொட்ட பிறகு

தரையைத் தொட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. வேகம் குறையக் குறைய ரடரின் பிடி குறையும். பக்கக்காற்று அப்படியே இருக்கும். காற்று வரும் பக்கம் கைப்பிடியைத் திருப்பி வைத்தபடி, நடுக்கோட்டைக் கால்களால் பிடியுங்கள். பிரேக்கை இரு பக்கமும் சமமாக, மெல்ல அழுத்துங்கள். ஓடுதளத்தைவிட்டு முழுவதும் விலகி நின்ற பிறகே ஃபிளாப்பைத் தொடுங்கள்.

இப்பகுதிக்கு உரிய சில

புதுச்சேரிக்கு ஏடிஆர் வகைப் பயணிகள் விமானங்கள் வந்துபோகின்றன. அவற்றின் இறக்கை நுனியிலிருந்து கிளம்பும் சுழற்காற்று ஒரு சிறு விமானத்தைப் புரட்டிவிடும். இத்தகைய நடுத்தர எடை விமானத்துக்குப் பின்னால் இறங்கும் இலகு விமானத்துக்கு 3 நிமிட இடைவெளி வேண்டும் என்பது பன்னாட்டு நடைமுறை. அதன் இறங்குபாதைக்கு மேலாகவே வந்து, அது தொட்ட இடத்தைத் தாண்டித் தொடுங்கள்.

மேற்கிலிருந்து 07 முனைக்கு நேராக வரும் பாதை ஊசுடு ஏரிப் பக்கமாக வருகிறது. வலசைப் பறவைகள் கூடும் குளிர்கால மாதங்களில், காலையிலும் மாலையிலும் கண்ணை வெளியே வைத்திருங்கள். பறவை எதிர்ப்பட்டால் பெரும்பாலும் அது கீழ்நோக்கிப் பாயும் என்பதால் மேல்நோக்கி விலகுவது நல்லது. ஆனால் தாழ்வான உயரத்தில் பறவைக்காகக் கட்டுப்பாட்டை இழக்கக் கூடாது.

கடலோர ஈரப்பதம் இன்னொரு சிக்கலைத் தரும். செஸ்னா 152 போன்ற கார்புரேட்டர் உள்ள விமானங்களில், விசையைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் பனி உறைந்து எஞ்சின் திணறும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பனியா என்று வியக்க வேண்டாம். ஈரக்காற்றில் அது நடக்கும். விசையைக் குறைக்கும் முன் கார்புரேட்டர் சூடேற்றியை இயக்குவதைப் பழக்கமாக்குங்கள்.

எஞ்சின் நின்றேவிட்டால் செஸ்னா 172 எஸ் அதிக தூரம் சறுக்கிச் செல்லும் வேகம் 68 நாட். கடலூர் மாவட்டத்தின் மேலே பறக்கும்போது எந்த நிலம் இறங்கத் தகுந்தது என்று எப்போதும் பார்த்துவையுங்கள். அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்லது. நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயலில் சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழும். கரும்புத் தோட்டமும் நெய்வேலி, பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரிக்காடும் மேலிருந்து பசுமையாகத் தெரிந்தாலும் இறங்க உகந்தவை அல்ல. சாலையைத் தேர்ந்தால் இருபுறமும் ஓடும் மின்கம்பிகளை முதலில் தேடுங்கள்.

ஏழாம் படி: விபத்து நேர்ந்துவிட்டால்

மோதப்போவது உறுதி என்றால் இருக்கையின் தோள்வாரை இறுக்கி, கதவின் தாழைத் திறந்துவையுங்கள். சட்டகம் நசுங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும். நின்றதும் எரிபொருளை அடைத்து, மாக்னெட்டோவையும் (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சையும் அணைத்து, விமானத்திலிருந்து காற்று வரும் திசையாக விலகிச் செல்லுங்கள். கைப்பேசி, பதிவேடு, பை எதற்காகவும் திரும்பாதீர்கள்.

ஊர்மக்கள் உதவிக்கு ஓடிவருவார்கள். புரொப்பெல்லரின் அருகே யாரும் வராமலும், எவரும் தீக்குச்சி கிழிக்காமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 112 எண்ணில் அழைக்கச் சொல்லுங்கள். ஆட்களை மீட்கவும் தீயை அணைக்கவும் தேவையானதைத் தவிர, விமானத்தின் எந்தப் பாகத்தையும் நகர்த்தக் கூடாது. இந்தியாவில் இத்தகைய விசாரணைகளுக்காக விமான விபத்து விசாரணைப் பிரிவு 2012 முதல் இயங்கிவருகிறது. அதன் விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவது அதன் வேலை இல்லை. எனவே நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவர் பார்த்து முடித்ததும், அன்றே, பிறரிடம் பேசி நினைவு குழம்பும் முன், ஃபைனலில் கடைசியாகப் பார்த்த வேகம், காற்று, ஃபிளாப் நிலை, கை செய்த காரியம் ஆகியவற்றை உங்கள் கையெழுத்தில் வரிசையாக எழுதி, தேதியிட்டுப் பயிற்றுநரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.